புதிய உப்புநீர்த் தடாகம்: முதல் சில வாரங்களில் தண்ணீரைச் சமநிலைக்குக் கொண்டுவருதல்

பின்வளவில் தரைக்கு மேல் எழுப்பும் வட்டத் தடாகம் ஒன்றை வாங்கி, அதற்கு உப்பு முறையையும் பொருத்திக் கொண்டவர்களில் பலர், இனிக் குளோரீனைத் தொட வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடுதான் முதற் கோடையைத் தொடங்குகிறார்கள். உண்மையில் உப்புநீர்த் தடாகமும் குளோரீன் தடாகமே. குளோரீனை நாம் வாங்கி ஊற்றுவதற்குப் பதிலாக, தண்ணீரில் கரைந்துள்ள உப்பிலிருந்து அங்கேயே அது தயாராகிறது என்பதுதான் வேறுபாடு. குழாய்வழியில் பொருத்தப்படும் மின்பகுப்புக் கலத்தைக் கடைக்காரர்கள் "சோல்ட் செல்" என்பார்கள். ருத்தீனியம் அல்லது இரிடியம் ஒட்சைட்டுப் பூசிய தைத்தேனியத் தகடுகளுக்கிடையே உப்புத் தண்ணீர் ஓடும்போது, ஒரு தகட்டில் குளோரைட்டு குளோரீனாக மாறுகிறது. எதிர்த் தகட்டில் ஐதரசன் வாயு குமிழிகளாக எழுகிறது. அந்தக் குளோரீன் தண்ணீரில் கரைந்து, கிருமிகளையும் அழுக்கையும் தாக்கிய பின், மீண்டும் குளோரைட்டாகி உப்போடு சேர்ந்துவிடுகிறது. அதனால் உப்பு செலவழிந்து தீர்வதில்லை. வெளியே தெறிக்கும் தண்ணீரோடும் வடிகட்டியைக் கழுவி விடும் தண்ணீரோடும் போவதுதான் இழப்பு.

இயந்திரம் செய்வது அவ்வளவுதான். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தையோ, அந்தப் பெறுமானம் ஏறி இறங்காமல் தாங்கும் காரத்தன்மையையோ, குளோரீனை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசரின் அளவையோ அது கவனிப்பதில்லை. போதாக்குறைக்கு, அதிலிருந்து எழும் ஐதரசன் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டையும் வெளியேற்றிவிடுவதால், பி.எச். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். இந்தப் போக்கை விளங்கிக் கொண்டவருக்கு மீதி வேலை பெரும்பாலும் அளப்பதும் பொறுத்திருப்பதும்தான்.

கீழே வரும் கணக்குகள் யாவும் ரொறன்ரோ நகராட்சிக் குழாய் நீரால் நிரப்பிய, வினைல் லைனர் (உள்ளே விரிக்கும் பிளாஸ்ரிக் உறை) போட்ட, 24 அடி விட்டமுள்ள தடாகத்துக்கு உரியவை. வேறு அளவுள்ளவர்கள் விகிதத்தை மாற்றிக் கொள்ளலாம். கலத்தோடு வந்த கைந்நூல் வேறு எண்களைச் சொன்னால், அதையே பின்பற்ற வேண்டும்.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

எந்த இரசாயனத்தையும் வாங்குவதற்கு முன், தடாகத்தில் எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்பதை அறிந்து கொள்ள வேண்டும். 24 அடி என்பது 7.3 மீற்றர், ஆரை 3.65 மீற்றர். ஆரையை ஆரையால் பெருக்கி, அதை மீண்டும் 3.14 ஆல் பெருக்கினால், தடாகத்தின் பரப்பு ஏறக்குறைய 41.8 சதுர மீற்றர் என்று வரும். சுவர் 52 அங்குல உயரம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்பதில்லை. மேற்பரப்பு நீரை வடிகட்டிக்கு இழுக்கும் ஸ்கிம்மரின் வாயில் பாதி வரைதான் நிற்கும். அளவுகோலை நீருக்குள் இறக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 1.2 மீற்றர் இருக்கும். பரப்பை ஆழத்தால் பெருக்க, 50 கன மீற்றர், அதாவது 50,000 லீற்றர் கிடைக்கிறது. இதைவிட நம்பகமான வழி, நிரப்புவதற்கு முன்னும் பின்னும் வீட்டுத் தண்ணீர் மானியின் எண்ணைக் குறித்து வைப்பது. தோட்டக் குழாய் நிமிடத்துக்கு 20 லீற்றர் தந்தால் நிரம்புவதற்கு ஏறக்குறைய 42 மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கைந்நூலை ஒரு முறை முழுதாக வாசித்துவிடலாம்.

கலன் கணக்கில் பேசும் கடைக்காரரிடம் எந்தக் கலன் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், பழைய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், கனடாவில் இரண்டையும் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை எடுத்துக் கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு பிழைத்துவிடும்.

சோதனைகளின் முடிவுகள் எல்லாம் பி.பி.எம். என்ற அலகில் வரும். பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். நடைமுறைக்கு இப்படி நினைவில் வைத்துக் கொள்ளலாம்: ஒரு கன மீற்றர் தண்ணீரில் ஒரு கிராம் கரைந்திருந்தால் அது 1 பி.பி.எம். ஆகவே 50 கன மீற்றர் தடாகத்தில் எந்தப் பொருளையும் 1 பி.பி.எம். உயர்த்த, அந்தப் பொருளின் 50 கிராம் தேவை. உப்புக்கும், ஸ்டெபிலைசருக்கும், குளோரீனுக்கும் இந்த ஒரு கணக்கே போதுமானது.

அளக்கும் கருவி

தண்ணீரில் தோய்த்து நிறம் பார்க்கும் சோதனைக் கீற்றுகள் மலிவானவை. அவசரத்துக்குக் குளோரீன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க உதவும். ஆனால் புதிய தடாகத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு அவை போதா. ஒரே கீற்றில் காரத்தன்மை 80 ஆகவும் தெரியலாம், 120 ஆகவும் தெரியலாம். அந்த இரண்டு எண்களுக்கும் செய்ய வேண்டியவையோ வேறு வேறு. துளித் துளியாகச் சேர்த்து நிறம் மாறும் வரை எண்ணும் சோதனைப் பெட்டியை வாங்குவதே நல்லது. டெய்லர் நிறுவனத்தின் கே-2006 பெட்டி இந்த வகையைச் சேர்ந்தது. அதில் குளோரீனைச் சோதிக்கும்போது, தூள் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும்; பின்னர் துளிகளைச் சேர்க்கச் சேர்க்க நிறம் மறையும்; 10 மில்லிலீற்றர் மாதிரியில் ஒவ்வொரு துளியும் 0.5 பி.பி.எம். கணக்கு. வேலை செய்யக்கூடிய தனிக் குளோரீன் எவ்வளவு, ஏற்கெனவே அமோனியாவோடு கட்டுண்டு கிடக்கும் குளோரீன் எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய துளிப் பெட்டிகளால் அது முடியாது.

மாதிரியை மேற்பரப்பிலிருந்து எடுக்காமல், முழங்கை அளவு ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் குழாய்வாயிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். உப்பை அளப்பதற்குத் தனியான கீற்று அல்லது துளிச் சோதனை ஒன்றும் கட்டாயம் தேவை. கலத்தின் திரையில் தெரியும் உப்பு அளவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

குழாய் நீரில் ஏற்கெனவே இருப்பவை

ரொறன்ரோவின் குடிநீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. அதன் வன்மை, அதாவது கரைந்துள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு, ஏறக்குறைய 120 பி.பி.எம்.; காரத்தன்மை ஏறக்குறைய 90. புதுத் தடாகத்துக்கு இவை இரண்டுமே நல்ல எண்கள். தண்ணீர் மாதிரியை எடுத்துக் கொண்டு கடைக்குப் போனால், கணினி அச்சிட்டுத் தரும் தாளில், கல்சியத்தை உயர்த்து, காரத்தன்மையை உயர்த்து என்று வரக்கூடும். அந்தத் தாள் சீமெந்துத் தடாகத்துக்கும் வினைல் தடாகத்துக்கும் வேறுபாடு பாராமல் அச்சிட்டதாகவும் இருக்கலாம். கல்சியம் குறைந்த தண்ணீர் சீமெந்துப் பூச்சை அரிக்கும். வினைல் லைனரில் அரிப்பதற்குக் கல்சியம் இல்லை. ஆகவே நம் நிலைக்குக் கல்சியம் சேர்க்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சேர்த்தால் அது கலத்தின் தகடுகளில் வெண்படிவாக ஒட்டிக் கொள்ளும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் காய்ச்சிய கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிவு புதிதல்ல.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குழாய்வழியில் நீண்ட தூரம் கிருமிநீக்கம் நிலைத்திருப்பதற்காக, ரொறன்ரோ நகராட்சி குளோரீனோடு அமோனியாவையும் சேர்த்து, குளோரமீன் என்ற வடிவில் அனுப்புகிறது. புதிதாக நிரப்பிய தண்ணீரைச் சோதித்தால், யாரும் இறங்குவதற்கு முன்பே கட்டுண்ட குளோரீன் தெரிவதும், முதலில் ஊற்றும் குளோரீன் காணாமற் போவது போல் தோன்றுவதும் இதனால்தான். தண்ணீர் பழுதாகிவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. அந்த அமோனியா எரிந்து முடியும் வரை குளோரீன் ஊற்றினால் சரியாகிவிடும்.

நகரத்துக்கு வெளியே கிணற்று நீரால் நிரப்புபவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. இரும்பும் மங்கனீசும் உள்ள நீரில் குளோரீனை ஊற்றியவுடன் தடாகம் தேநீர் நிறமாகிவிடும். அவர்கள் குளோரீனைத் தொடுவதற்கு முன் உலோகச் சோதனை செய்வித்து, உலோகத்தைக் கட்டிவைக்கும் மருந்தைப் பயன்படுத்த வேண்டும்.

முதல் நாள்: பி.எச். மற்றும் காரத்தன்மை

தண்ணீர் நிரம்பி, பம்பியும் வடிகட்டியும் சில மணி நேரம் ஓடிய பின்னரே முதற் சோதனையைச் செய்ய வேண்டும். கலத்தின் மின்னிணைப்பை இந்தக் கட்டத்தில் நிறுத்தியே வைத்திருக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீரில் அதை ஓட விடுவது தகடுகளுக்குக் கேடு.

உப்பு முறைத் தடாகத்தில் பி.எச். 7.6 அளவில் இருப்பது வசதியானது. 7.2 முதல் 7.8 வரை நீந்துபவருக்குத் தீங்கில்லை. ஆனால் 7.2 வரை கீழே இறக்கினால் காபனீரொட்சைட்டு இன்னும் விரைவாக வெளியேறி, சில நாட்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். 7.8 ஐத் தாண்டும்போது 7.6 க்கு இறக்குவது, பிறகு விட்டுவிடுவது, இதுவே நடைமுறை.

இறக்குவதற்குப் பயன்படுவது ஐதரோகுளோரிக் அமிலம். கடையில் மியூரியாட்டிக் அசிட் என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் 31 வீதச் செறிவில் கிடைக்கும். 50,000 லீற்றரில், காரத்தன்மை 80 அளவில் இருக்கும்போது, பி.எச். ஐ 8.0 இலிருந்து 7.6 க்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை லீற்றர் போதும். முதன்முறை செய்பவர் 300 மில்லிலீற்றரோடு நிறுத்திக் கொண்டு, பம்பியை ஒரு மணி நேரம் ஓட விட்டு, மீண்டும் அளந்து பார்த்து மீதியைச் சேர்ப்பது நல்லது. கையுறையும் கண் காப்பும் அணிந்து, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, தண்ணீர் திரும்பி வரும் குழாய்வாயின் முன் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். வாளியில் கரைத்து ஊற்றுபவர்கள் தண்ணீரை முதலில் நிரப்பி அதற்குள் அமிலத்தை விட வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது. குளோரீனுக்குப் பயன்படுத்திய வாளி, அளவுக் குவளை எதையும் அமிலத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சான குளோரீன் வாயு எழும். வீட்டுக் களஞ்சியத்திலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

காரத்தன்மை என்பது பி.எச். ஏறி இறங்குவதைத் தடுக்கும் தாங்குசக்தி. உப்பில்லாத சாதாரணத் தடாகத்துக்கு அது 100 ஐத் தாண்டி இருப்பது நல்லது என்று சொல்வார்கள். உப்பு முறையில் அது 60 முதல் 80 வரை இருந்தால் பி.எச். ஏறும் வேகம் குறைகிறது. ரொறன்ரோ நீரில் 90 இருப்பதால், அதை உயர்த்துவதற்கு அப்பச்சோடா வாங்கும் தேவை தொடக்கத்தில் எழாது. என் முதல் ஆண்டில், கடைத் தாளின் சொற்படி 4 கிலோகிராம் அப்பச்சோடாவைப் போட்டேன்; அடுத்த ஆறு வாரங்கள், ஏறிய பி.எச். ஐ இறக்குவதற்கு அமிலம் வாங்கினேன்.

90 இலிருந்து 70 க்கு இறங்க மொத்தம் இரண்டு லீற்றர் அமிலம் வேண்டும். நம் தடாகத்தில் ஒரு லீற்றர் அமிலம் 10 பி.பி.எம். காரத்தன்மையைக் குறைக்கும் என்பது கணக்கு. அதை ஒரே நாளில் ஊற்றினால் பி.எச். 7 க்குக் கீழே விழுந்து லைனரையும் உலோகப் பாகங்களையும் கெடுக்கும். பி.எச். ஏறும்போதெல்லாம் சிறிது சிறிதாக ஊற்றும் அமிலமே இரண்டு மூன்று வாரங்களில் காரத்தன்மையையும் தானாக இறக்கிவிடும் என்பதால், அதற்கென்று தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை. பின்னாளில் 60 க்குக் கீழே போனால் மட்டும் அப்பச்சோடா சேர்க்கலாம், 10 பி.பி.எம். உயர்த்த 840 கிராம் பிடிக்கும்.

அன்றே செய்ய வேண்டியவை: ஸ்டெபிலைசரும் முதற் குளோரீனும்

வெயிலின் புற ஊதாக் கதிர், காப்பில்லாத குளோரீனைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். காலையில் ஊற்றியது மாலையில் இருக்காது. ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் குளோரீனைத் தளர்வாகப் பிடித்து வைத்து அந்த இழப்பைக் குறைக்கிறது. கலம் நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரீன் தருவதால், உப்பு முறைத் தடாகத்துக்கு இது மற்றத் தடாகங்களைவிடச் சற்று அதிகமாக, 60 முதல் 70 பி.பி.எம். வரை வேண்டும். 60 க்கு 3 கிலோகிராம் போதும்.

இந்தத் தூள் எளிதில் கரையாது. ஸ்கிம்மருக்குள் கொட்டினால் வடிகட்டிக்குள் போய்த் தங்கிவிடும். தரையில் கொட்டினால் லைனரில் நிறம் மங்கலாம். பழைய காலுறைகளில் போட்டுக் கட்டி, திரும்பி வரும் தண்ணீரின் முன் தொங்க விட்டு, அவ்வப்போது கையால் பிசைந்து விடுவதே சிறந்த வழி. இரண்டு மூன்று நாட்களில் காலுறை வெறுமையாகும், ஆனால் சோதனையில் முழு அளவு தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாள் அளந்து, குறைவாக இருக்கிறதே என்று மேலும் ஒரு பொதி போடுவது புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. அதிகமாகிய ஸ்டெபிலைசரைக் குறைக்கத் தண்ணீரை வெளியேற்றுவதே நடைமுறையான வழி. பி.எச். ஐ இது சற்றுக் குறைக்கும் என்பதையும், காரத்தன்மைச் சோதனையில் தெரியும் எண்ணில் ஸ்டெபிலைசரின் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் கலந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஸ்டெபிலைசர் கரைந்து கொண்டிருக்கும் நாட்களிலும் கிருமிநீக்கம் நிற்கக் கூடாது. கடைகளில் 20 லீற்றர் கொள்கலனில் நிரப்பித் தரும் திரவக் குளோரீன் இதற்கு ஏற்றது. 12 வீதம் என்று எழுதியிருந்தால், ஒரு லீற்றரில் 120 கிராம் குளோரீன் இருப்பதாகக் கொள்ளலாம். 50,000 லீற்றரில் 1 பி.பி.எம். உயர்த்த ஏறக்குறைய 420 மில்லிலீற்றர், 4 பி.பி.எம். என்றால் 1.7 லீற்றர். மாலையில் வெயில் தாழ்ந்த பின் ஊற்ற வேண்டும். வெயிலில் நின்ற பழைய கொள்கலனில் வீரியம் குறைந்திருக்கும் என்பதால், ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். மிதவைக்குள் வைக்கும் குளோரீன் வில்லைகளை வாங்க வேண்டாம். அவை ஒவ்வொன்றும் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே கரைக்கும். ஒரு கோடையிலேயே அளவு எல்லை மீறிவிடும்.

உப்பு

பெரும்பாலான கலங்கள் 2,700 முதல் 3,400 பி.பி.எம். வரையான உப்பில் வேலை செய்யும். 3,200 ஐ இலக்காக வைப்பது வழக்கம். கடல் நீரில் ஏறக்குறைய 35,000 பி.பி.எம். உப்பு உண்டு, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தத் தண்ணீரில் உப்புச் சுவையை உணர்பவர் சிலரே. 50 கன மீற்றரை 3,200 ஆல் பெருக்கினால் 160 கிலோகிராம். 20 கிலோகிராம் பைகள் எட்டு.

எட்டையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. கொள்ளளவுக் கணக்கில் சிறு பிழை இருந்தாலும் உப்பு இலக்கைத் தாண்டிவிடும். தாண்டிய உப்பை நீக்க மருந்து எதுவும் இல்லை. முதலில் ஏழு பைகள், பின் 24 மணி நேரம் பம்பி ஓட்டம், பின் தனிச் சோதனை, அதன் பிறகு எட்டாவது பையைப் பற்றி முடிவு. பையின் லேபலில் தூய சோடியம் குளோரைட்டு 99 வீதத்துக்கு மேல் என்றிருக்க வேண்டும். அயடீன் சேர்த்த சமையல் உப்பும், கட்டியாகாமலிருக்க மருந்து கலந்ததும், பனிக்கு வீதியில் தூவும் உப்பும் ஆகா. தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரத்துக்கு விற்கும் பைகளில் சில பொட்டாசியம் குளோரைட்டு என்பதால் பெயரைக் கவனித்து வாங்க வேண்டும். தடாகத்தைச் சுற்றி நடந்தபடி பரவலாகக் கொட்டி, அடியில் தங்கும் குவியலைத் தூரிகையால் தள்ளிக் கரைக்க வேண்டும். லைனரின் மேல் இரவு முழுதும் குவியலாகக் கிடக்க விடக் கூடாது.

தரைக்கு மேல் எழுப்பிய தடாகத்துக்குச் சிறப்பாக ஒரு எச்சரிக்கை: பலவற்றின் சுவர் உருக்குத் தகடு. ஸ்கிம்மரின் இணைப்பில் ஒரு துளி கசிந்தாலும், தண்ணீர் காய்ந்து உப்பு தங்கி, சுவர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். உப்புப் போடுவதற்கு முந்தின நாள் இணைப்புகள் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்துக் கசிவு உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

கலத்தை இயக்குதல்

உப்பு முழுதும் கரைந்து, பி.எச். 7.6 அளவில் நின்று, திரவக் குளோரீனால் 4 பி.பி.எம். நிலைத்த பின்னரே கலத்தை இயக்க வேண்டும். குளோரீனே இல்லாத தண்ணீரில் கலத்தை ஓட விட்டு, அது அளவை எட்டும் என்று காத்திருந்தால், பாசி முந்திக் கொள்ளும்.

எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. கோடை வெயிலில் நாளொன்றுக்கு 2 முதல் 4 பி.பி.எம். வரை குளோரீன் செலவாகும். 4 என்று வைத்தால் 200 கிராம். கலம் முழு அளவில் மணிக்கு 25 கிராம் தயாரிக்கக் கூடியது என்று கைந்நூல் சொன்னால், எட்டு மணி நேரம் போதும். பாதி அளவில் வைத்தால் பதினாறு மணி நேரம். மணிக்கு 10 கிராம் மட்டும் தரும் சிறிய கலமாயின் இருபது மணி நேரம் ஓட வேண்டும். அதன் ஆயுளும் அதற்கேற்பக் குறையும். இன்னும் வாங்காதவர்கள் தங்கள் தடாகத்தைப் போல் இரு மடங்கு கொள்ளளவுக்கு என்று குறிப்பிட்ட கலத்தை வாங்குவது பின்னால் இலாபம்.

முதல் இரண்டு வாரங்கள், ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில் குளோரீனையும் பி.எச். ஐயும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். குளோரீன் ஏறிக்கொண்டே போனால் கலத்தின் தயாரிப்பு வீதத்தைப் பத்து குறைக்கலாம், இறங்கினால் பத்து கூட்டலாம். மாற்றிய பின் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 60 முதல் 70 வரை இருக்கும் தண்ணீரில் தனிக் குளோரீன் 3 க்குக் கீழே போக விடக் கூடாது. 4 அல்லது 5 இல் நிற்பது நல்லது. ஸ்டெபிலைசர் குளோரீனைக் காப்பாற்றும் அதே வேளை அதன் வேகத்தையும் குறைக்கிறது என்பதால், அதன் அளவு கூடக் கூட குளோரீனும் கூடியே இருக்க வேண்டும்.

குளோரீன் எங்கே போகிறது என்ற ஐயம் எழுந்தால் இரவுச் சோதனை விடை தரும். பொழுது சாய்ந்த பின் கலத்தை நிறுத்தி, பம்பியை ஓட விட்டு, குளோரீனை அளக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மீண்டும் அளக்க வேண்டும். குறைவு 1 பி.பி.எம். அல்லது அதற்குள் இருந்தால் தண்ணீர் சுத்தம், பகலில் போவது வெயிலால்தான். அதற்கு மேல் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத பாசியோ அழுக்கோ குளோரீனைத் தின்று கொண்டிருக்கிறது. அப்போது கலத்தின் வீதத்தைக் கூட்டுவதால் பயன் குறைவு. திரவக் குளோரீனை மாலைதோறும் ஊற்றி, இரவுக் குறைவு நிற்கும் வரை அளவை உயர்த்தி வைக்க வேண்டும். குளோரீன் 10 ஐத் தாண்டிய நாட்களில் பி.எச். சோதனை உண்மையைவிடக் கூடிய எண்ணைக் காட்டும் என்பதால், அந்த எண்ணை நம்பி அமிலம் ஊற்றக் கூடாது. பாசிக்கு முன்காப்பு என்று கடைகளில் விற்கும் பொசுபேற்று நீக்கிகளை நான் வாங்குவதில்லை. குளோரீன் குறையாத தண்ணீரில் பொசுபேற்று இருந்தாலும் பாசி வளர்வதில்லை.

குளிர்ந்த நீரும் திரையின் எண்ணும்

கலத்தின் திரையில் தெரியும் உப்பின் அளவு, தண்ணீர் எவ்வளவு மின்னோட்டத்தைக் கடத்துகிறது என்பதிலிருந்து கணித்த எண். குளிர்ந்த நீர் குறைவாகவே கடத்தும். மே மாதத்தில் நிரப்பிய என் தடாகத்தில், எட்டுப் பைகளும் கரைந்த பின்னும் திரை உப்புக் குறைவு என்றே காட்டியது. வேறு சோதனை எதுவும் செய்யாமல் மேலும் இரண்டு பைகளைக் கொட்டினேன். ஜூலையில் தண்ணீர் சூடேறியதும் "உப்பு அதிகம்" என்ற எச்சரிக்கையோடு கலம் நின்றுவிட்டது. 40 கிலோகிராம் என்பது 800 பி.பி.எம்.; 4,000 ஐ 3,200 க்குக் கொண்டுவர ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 10,000 லீற்றரை, வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. உப்புத் தடாகத்து நீரை வீதியோர மழைநீர் வடிகாலில் விடுவதற்கு ரொறன்ரோவில் அனுமதி இல்லை. வீட்டுக் கழிவுநீர் வழியில்தான் விட வேண்டும் என்பதால் அது மெதுவான வேலையாகவும் இருந்தது. பகுதியாக வெளியேற்றும்போதும், தடாகத்தை முழுதாகக் காலியாக்கிவிடக் கூடாது. தண்ணீரின் பாரமே சுவரைத் தாங்குகிறது. லைனரும் காய்ந்து சுருங்கிவிடும்.

தண்ணீர் ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது பல கலங்கள் தாமாகவே தயாரிப்பை நிறுத்திவிடும். பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். அந்த வாரங்களில் திரவக் குளோரீனே போதும். குளிர் நீரில் செலவும் குறைவு.

கலத்தின் படிவும் மழையும்

மாதம் ஒரு முறை கலத்தைக் கழற்றி உள்ளே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தகடுகளுக்கிடையே வெள்ளைச் செதில் தெரிந்தால், பி.எச். பல நாட்கள் உயர்ந்தே இருந்திருக்கிறது என்பது பொருள். ஐதரசன் எழும் தகட்டின் அருகே தண்ணீர் மிகுந்த காரமாவதால் படிவு முதலில் அங்கேதான் தோன்றும். தோட்டக் குழாயின் வேகத் தாரையால் போகாவிட்டால், நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அமிலம் சேர்த்த கரைசலில் சில நிமிடம் ஊற வைக்கலாம். நுரை நின்றதும் எடுத்துக் கழுவிவிட வேண்டும். கத்தியாலோ கம்பியாலோ சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும். படிவு இல்லாத கலத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று அமிலத்தில் தோய்ப்பதும் பூச்சைத் தேய்க்கும்.

பெருமழையில் தடாகம் நிரம்பி வழிந்தால், உப்பும் ஸ்டெபிலைசரும் அதோடு போகும். அடுத்த நாள் இரண்டையும் அளந்து, குறைந்த அளவை மட்டும் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததற்கு ஈடாகக் குழாய் நீர் விடும்போது உப்புச் சேர்க்கக் கூடாது. ஆவியான தண்ணீர் உப்பை விட்டுவிட்டே போகிறது.

செப்டெம்பரில் தண்ணீர் மீண்டும் 15 பாகையை நெருங்கும்போது கலத்தை நிறுத்தி, கழற்றி, கழுவி, உறையாத இடத்தில் வீட்டுக்குள் வைக்க வேண்டும். மூடுவதற்காகத் தண்ணீரைக் குழாய்வாய்க்குக் கீழே இறக்குவதாலும், வசந்தத்தில் மீண்டும் நிரப்புவதாலும், அடுத்த மே மாதத்தில் உப்பும் ஸ்டெபிலைசரும் குறைந்தே இருக்கும். எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை ஊகித்துப் பை வாங்காமல், தண்ணீர் சூடேறிய பின் சோதித்துவிட்டு வாங்கலாம்.